ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல்

பிப்ரவரி 3, வெள்ளி

ஆய்வுக்கூட நோட்டில் புலம்பக் கூடாது. தேதி, அளவு, நேரம், முடிவு, அவ்வளவுதான். "இன்று எரிச்சல்" என்று ஒரு வரி எழுதினால் நிலோஃபர் மேடம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிடுவார். அதற்காகத்தான் இந்த டைரி.

புது நோட்டு என்றால் முதல் பக்கத்தில் பெயர், வகுப்பு எழுதிப் பழக்கம். வடிவாம்பாள், வயது 43. திருநெல்வேலியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள். மூன்று வருஷ விடுப்பில் சென்னைக்கு வந்து மறுபடி மாணவி ஆனவள். என் வழிகாட்டி நிலோஃபர் மேடம் என்னைவிட ஐந்து வயது சின்னவர். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எல்லாரிடமும் சொல்லிவருகிறேன்.

விடுப்பு மே 31-ஓடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். மூன்று அத்தியாயம் தயார். நான்காவதுதான் படுத்துகிறது.

நான் வளர்ப்பது எலியின் கணையத்திலிருந்து வந்த செல்கள். இன்சுலின் சுரப்பவை. வளர்ச்சி ஹார்மோன் வந்து தட்டினால், உள்ளே ஒரு தூதுப் புரதம் விழித்துக்கொண்டு செல்லின் கருவுக்கு ஓடி, "பெருகு" என்று செய்தி சொல்கிறது. கொஞ்ச நேரத்தில் செல்லே ஒரு தடுப்புப் புரதத்தைச் செய்து அந்தத் தூதை அடக்கிவிடுகிறது. ஒரு தடவை அடங்கிய செல்லுக்கு இரண்டாவது தட்டல் கேட்குமா, கேட்டால் எப்போது? இதுதான் நான்காம் அத்தியாயம். ஆனால் முதல் தட்டலே ஒழுங்காகக் கேட்கவில்லை என்றால் இரண்டாவதைப் பற்றி என்ன எழுத?

பிப்ரவரி 7, செவ்வாய்

நேற்றைய சோதனை பாழ். தூதுப் புரதம் விழித்திருந்தால் ஃபிலிமில் கறுப்பாக ஒரு கோடு விழும். ஹார்மோன் போட்டுச் செல் வளர்த்த டிஷ்ஷில் அது சோம்பலாக விழுந்திருக்கிறது. போடாத டிஷ்ஷிலோ, இருக்கவே கூடாத இடத்தில், மங்கலாக ஒரு கோடு. போன வியாழக்கிழமை இதே கை, இதே செல், இதே ஹார்மோன். மை வைத்தது மாதிரி விழுந்தது.

மீடியா அறையில் செங்கமலம் அக்கா பிடித்துக்கொண்டார். கண்ணாடிச் சாமான் கழுவுவது, ஆட்டோகிளேவில் ஆவி வைத்துக் கிருமி நீக்குவது, செல்களுக்குச் சாப்பாடான மீடியம் கலக்குவது எல்லாம் அவர்தான். ஒப்பந்த ஊழியர். பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் புதுப்பிக்கிறார்கள். என்னைவிட ஒரு சாண் உயரம்.

"டீச்சர், ஃபிரிட்ஜில ஒங்க வெண்ண டப்பாவ கதவுப்பக்கம் மாத்தி வெச்சிருக்கேன். பின்னாடி வெச்சா ஐஸ் புடிக்குது."

வெண்ணெய்க்கு ஐஸ் பிடித்தால் என்ன கெட்டுவிடும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 9, வியாழன்

இன்று அருமையாக வந்தது. கோடு என்றால் கோடு. நானே என் கையைத் தட்டிக்கொடுத்தேன்.

பிப்ரவரி 10, வெள்ளி

என் மேசை இழுப்பறையில் மறுபடி கடலை மிட்டாய். மாதக்கணக்காக யாரோ வைக்கிறார்கள். கூட ஆய்வு செய்யும் பையன்களின் கேலியாகத்தான் இருக்கும். "இங்கே தின்பண்டம் வைத்தால் எலி வரும்" என்று இரண்டு முறை எழுதி ஒட்டினேன். பலனில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் எப்படியும் தீர்ந்துவிடுகிறது. எலிதான் தின்றிருக்கும்.

பிப்ரவரி 12, ஞாயிறு

விடுதியில் ஞாயிறு மதியச் சாப்பாடு ஒன்றரைக்குத்தான். பிரியாணி என்பதால் எல்லாரும் தாமதத்தை மன்னிக்கிறார்கள். நான் மன்னிப்பதில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஆய்வுக்கூடம் போய் நாளைக்கான டிஷ்களைப் பட்டினி போட்டேன். செல்லுக்கு ஊற்றும் மீடியத்தில் கன்றுக்குட்டியின் சீரம் கலந்திருக்கும். அதில் ஏகப்பட்ட ஹார்மோன். அதைக் கழுவி எடுத்து வெறும் மீடியத்தில் ஓர் இரவு வைத்தால்தான் நாம் தட்டும் சத்தம் தனியாகக் கேட்கும்.

செல்களைக் கதகதப்பில் வைக்கும் எங்கள் இன்குபேட்டரில் ஒரு வழக்கம். மேல்தட்டில் இருப்பது பட்டினி, யாரும் தொடக் கூடாது. கீழ்த்தட்டில் இருப்பதற்கு ஞாயிறு மாலை மீடியம் மாற்றப்படும். பையன்கள் முறைவைத்து மாற்றுகிறார்கள். கதவில் பட்டியல் ஒட்டியிருக்கும். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் கண்டிப்பாக நான்கடி பத்து அங்குலம் இல்லை. மேல்தட்டுக்கு நான் ஸ்டூல் போட வேண்டும். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. இன்றைக்கு எனக்கும் ஒரு மாதிரி இருந்தது, கையெல்லாம் வேர்வை. ஸ்டூல் வேண்டாம் என்று கீழ்த்தட்டின் பின்மூலையிலேயே வைத்துவிட்டேன். மூடியில் பெரிதாக எழுதியிருக்கிறேன், படிக்கத் தெரிந்தவன் தொட மாட்டான். ஏப்ரன் பையில் எலி விட்டுவைத்த ஒரு மிட்டாய் இருந்தது.

பிப்ரவரி 14, செவ்வாய்

நேற்றையதும் பாழ். அதே சோம்பல் கோடு.

பிப்ரவரி 23, வியாழன்

நன்றாக வந்தது. இப்போது நன்றாக வந்தாலும் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 28, செவ்வாய்

நேற்று பாழ். மேடம் எல்லா ஃபிலிம்களையும் மேசையில் பரப்பித் தேதியைப் பார்த்தார்.

"ஒங்க செல்லுக்கு திங்கக்கிழமை மட்டும் காது கேக்காதா?"

"ஹார்மோன் பழசாயிருக்கும், மேடம்."

"அதே ஹார்மோன்தானே வியாழக்கிழமையும்?" ஃபிலிம்களை அடுக்கினார். "யாரோ தொடுறாங்க. ஒண்ணு அது யாருன்னு கண்டுபிடிங்க, இல்லேன்னா நாலாவது சாப்டர எடுத்துடலாம். எடுத்துட்டா மூணு சாப்டர் மட்டும் கமிட்டிக்குப் பத்தாது. தெரியுமில்ல?"

தெரியும். மூன்று வருஷமும், ஊரில் என் வீட்டுக்காரர் தனியாகச் சமைத்துத் தின்றதும் அதோடு போயிற்று என்று அர்த்தம்.

மார்ச் 4, சனி

புது ஹார்மோன். புரதத்தை அடையாளம் காட்டும் ஆன்டிபாடியும் புது. உறைபெட்டியிலிருந்து புதுச் செல்கள். பிப்பெட்டைக்கூட மாற்றினேன். மாறாதது நான் ஒருத்திதான்.

மார்ச் 7, செவ்வாய்

எல்லாம் புதிது. நேற்றைய கோடு மட்டும் பழையது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் வீட்டுக்காரர் போனில் கேட்டார்: "மேடம்ட்ட சொல்லிட்டியா?"

"ரிசல்ட்டயா?"

"நான் எதக் கேக்கேன்னு ஒனக்குத் தெரியும்."

நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 12, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

மதியம் டிஷ்களை வைத்துவிட்டு வந்தவள், குடையை மறந்துவிட்டேன். நாலரைக்கு எடுக்கப் போனேன். செல் அறையில் விளக்கு எரிந்தது. கிருமி புகாத கண்ணாடிக் கூண்டான ஹூட்டின் முன்னால் செங்கமலம் அக்கா உட்கார்ந்திருந்தார். கையுறை, முகமூடி, முக்காடு. பக்கத்தில் ஸ்பிரிட்டில் நனைத்த துணி. பிப்பெட்டின் முனை எதிலும் படாமல், டிஷ்ஷின் ஓரமாகச் சாய்த்து, ஒரு செல்கூட பெயராதபடி மீடியத்தை இறக்கினார். மூன்று வருஷமாகியும் எனக்கு அந்தக் கை வரவில்லை.

கையில் இருந்தது என் டிஷ்.

"இரு இரு, ஒனக்குந்தான், அவசரப்படாத," என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

அவர் பதறவில்லை. மூடியை மூடிவிட்டுத்தான் திரும்பினார். "ஞாயித்துக்கெழம டூட்டி, டீச்சர். பசங்க லிஸ்ட் ஒட்டிட்டுப் பூடுவானுங்க. நான் மாத்திட்டு டிக் அடிப்பேன். எட்டு வருசமா நடக்குது. மேடத்துக்கு மட்டுந்தான் தெரியாது."

"இது நான் பட்டினி போட்டது. மூடியில எழுதியிருக்கே."

"மூடில இங்கிலீஷ்ல இன்னாமோ எல்லாருந்தான் எழுதறாங்க. எனக்குத் தட்டுதான் கணக்கு. பட்னின்னா மேல இல்ல வெப்பீங்க? இது எப்பவும் கீழதானே இருந்துச்சு."

எப்பவும். எத்தனை ஞாயிறு என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரியும்.

அக்கா ஸ்டூலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏறினா தல கிர்ருங்குதா, டீச்சர்?"

"குடை எடுக்க வந்தேன்," என்றேன். குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 13, திங்கள்

காலையில் கோபம். பத்து மணிக்கு மேல் அது யார் மேல் என்று தெரியாமல் போனது.

டிஷ்களைக் கொட்டிவிடலாம் என்று எடுத்துக்கொண்டு போனவள் தொட்டி முன்னால் நின்றேன். நேற்று மாலை நாலரைக்கு இந்தச் செல்கள் சீரம் குடித்தன. சீரத்துக்குள் ஹார்மோன். அதாவது நேற்றே யாரோ தட்டிவிட்டார்கள். இரவெல்லாம் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இன்று நான் தட்டுவது இரண்டாவது தட்டல்.

இரண்டாவது தட்டல் செல்லுக்குக் கேட்குமா என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அது பதில் சொல்லியிருக்கிறது. நான் ஹார்மோனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 14, செவ்வாய்

தூதுப் புரதத்தை விட்டுவிட்டு, தடுப்புப் புரதத்துக்கான ஆன்டிபாடியைப் போட்டுப் பார்த்தேன். வியாழக்கிழமைகளின் சாம்பிளில், தட்டுவதற்கு முன், தடுப்பு கிட்டத்தட்ட இல்லை. திங்கட்கிழமைகளின் சாம்பிளில் தட்டுவதற்கு முன்பே கறுகறுவென்று இருக்கிறது. செல் செவிடாகவில்லை. கேட்டது போதும் என்று அதுவே கதவைச் சாத்தியிருக்கிறது.

இருட்டறையில் ஃபிலிமைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஞாயிறு மாலை யாரோ சீரம் மீடியம் ஊற்றியிருக்கிறார்கள் என்று மட்டும் மேடத்திடம் சொன்னேன். மேடம் ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என் தோளில் கை வைத்தார். "வடிவு, இது நல்லா இருக்கு. ஆனா சீரத்துல நூறு விஷயம் இருக்கு. ஹார்மோன மட்டும் வெச்சு மறுபடி செய்யணும். ஏப்ரல்ல மூணு தடவ வந்துட்டா சாப்டர் நிக்கும்."

"வரும், மேடம்."

"சரி, மீடியத்த மாத்தினது யாரு?"

நான் ஃபிலிமைப் பார்த்தேன்.

"பசங்க இல்ல, விசாரிச்சுட்டேன். அவங்க டூட்டிய அவங்க செய்யறதே இல்லையாம். வேற யாரு? ட்ரெய்னிங் இல்லாத ஆள் செல்லத் தொட்டிருந்தா இந்த மாசம் ரெனியூவல்ல நான் கையெழுத்துப் போட முடியாது. எல்லார் டேட்டாவும் இதுல இருக்கு."

"விசாரிக்கிறேன், மேடம்," என்றேன்.

மார்ச் 15, புதன்

விசாரிக்கவில்லை.

மார்ச் 16, வியாழன்

இழுப்பறையில் மிட்டாய் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என் முகத்தைப் பார்த்த பிறகும் வைத்திருக்கிறார். எலி, பையன்கள் என்றெல்லாம் இனிமேல் எழுதுவதில் பொருளில்லை.

மதியம் மீடியா அறைக்குப் போனேன். பாட்டில்களை நெல் மூட்டை அடுக்குவதுபோல் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம் கேட்டாங்களா, டீச்சர்?"

"கேட்டாங்க."

"சொல்லிடுங்க. ஒங்க படிப்பு எனக்காகக் கெட வேணாம்." அடுக்கி முடித்தார். "எம் பொண்ணு காலேஜ அரியர் இல்லாம முடிச்சிருச்சு. இனிமே அம்மாக்கு வேல போனாலும் அது பாத்துக்கும்."

முகத்தை அந்தப் பக்கம் திருப்பித்தான் சொன்னார்.

மேடத்திடம் எதைச் சொல்வது? அக்கா செய்தார் என்று சொன்னால் உண்மை. ஆனால் அது பாதி. அக்கா தட்டைப் பார்த்துச் செய்தார், தப்பாகவே செய்யவில்லை. தட்டை மாற்றி வைத்தவள் நான். ஏன் மாற்றி வைத்தேன் என்று மேடம் அடுத்ததாகக் கேட்பார். ஸ்டூல் ஆடுகிறது என்றால், தச்சரைக் கூப்பிட்டிருக்கலாமே என்பார். வியாழக்கிழமைச் சோதனைக்காகப் புதன்கிழமை ஏறுகிற ஸ்டூலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் ஏறவில்லை என்பார். அவர் அப்படித்தான் கேட்பார். அதற்குத்தான் அவர் விஞ்ஞானி.

சேரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். "நீண்டநாள் நோய் ஏதேனும் உண்டா?" இல்லை என்று எழுதினேன். அதை எழுதுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால்தான் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டிருந்தேன். பதினாலு வருஷமாகப் போடுகிறேன். என் கணையத்தில் இந்தச் செல்கள் இல்லை. தட்டுவதற்கு யாரும் மிச்சமில்லை.

எழுதிவிட்டேன். எழுதியதைப் பார்த்தால் அவ்வளவு பெரிதாகவும் இல்லை.

மார்ச் 17, வெள்ளி

காலையில் வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டேன். "இன்னைக்கு மேடம்ட்ட சொல்லப் போறேன்."

"சாப்ட்டுட்டுப் போ," என்றார். இருபது வருஷமாக இந்த மனிதர் எனக்குக் கிடைத்திருப்பதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. எழுதிவைத்தாயிற்று.

மேடம் அறைக்கு வெண்ணெய் டப்பாவோடு போனேன். மேசையில் வைத்துத் திறந்தேன். உள்ளே ஊசிப் பேனாக்கள்.

"ஞாயித்துக்கிழமை விடுதில சாப்பாடு லேட், மேடம். காலையில போட்டது பன்னெண்டு மணிக்குச் சர்க்கரைய எறக்கிடும். அந்த நேரம் ஸ்டூல்ல ஏற பயம். அதனால டிஷ்ஷக் கீழ வெச்சேன். கீழ இருக்கறதுக்கு மீடியம் மாத்தறதுதான் வழக்கம். செங்கமலம் அக்கா வழக்கப்படி மாத்தினாங்க. தப்பு என்னோடது. படிவத்துல இல்லைன்னு எழுதினதும் என்னோட தப்பு."

மேடம் ஓர் ஊசிப் பேனாவை எடுத்து லேபிளைப் படித்தார். நான் ஊருக்கு டிக்கெட் பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

"ஸ்டூல் மேல ஏற முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு மாச ஆன்டிபாடி மிச்சம்."

"ஆமா, மேடம்."

"இன்சுலின் செல்லப் பத்தி மூணு வருஷமா எங்கிட்ட பேசறீங்க. இதச் சொல்லத் தோணலியா?"

"பேஷன்ட்டுன்னு பாப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் உங்கள ஸ்டூடன்ட்டுன்னு பாத்தேன். அதுவே உங்களுக்குப் பிடிக்கலன்னு தெரியும்," என்றார். சிரிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு, "அந்தப் படிவத்த இன்னைக்கே திருத்தி எழுதிக் குடுங்க, நான் ஆபீஸ்ல பேசறேன். அப்புறம் அந்த அம்மா கை வேலைய நான் பாக்கணும்."

மார்ச் 19, ஞாயிறு

மேடம் ஞாயிற்றுக்கிழமை வந்தது சரித்திரம். செங்கமலம் அக்கா மீடியம் மாற்றுவதைப் பின்னால் நின்று முழுசாகப் பார்த்தார். எட்டு ஃபிளாஸ்க். முடிந்ததும் கேட்டார்:

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"பாத்துப் பாத்துதான், மேடம். ஹூட்டுக்குள்ள கையி சும்மா அலையக் கூடாது, வாயி வேணா பேசிக்கலாம்."

மேடம் வெளியே வந்து இன்குபேட்டர் கதவில் புதுக் காகிதம் ஒட்டினார். இன்று முதல் கீழ்த்தட்டு பட்டினி, மேல்தட்டு சாப்பாடு. மேல்தட்டு அக்காவுக்கு எட்டும். கீழ்த்தட்டு எனக்கு எட்டும். எட்டு வருஷத்தில் இது யாருக்கும் தோன்றவில்லை.

மார்ச் 31, வெள்ளி

ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்று. ஞாயிறு வேலையும் பெயர் போட்டு அதில் சேர்ந்திருக்கிறது. அக்கா எல்லாருக்கும் டீ வாங்கினார். எனக்குச் சர்க்கரை இல்லாமல், சத்தமாகச் சொல்லி. தளமே திரும்பிப் பார்த்தது. திரும்பிப் பார்த்துவிட்டு அவரவர் டீயைக் குடித்தார்கள். இதற்கா பதினாலு வருஷம் பயந்தேன்.

ஏப்ரல் 11, செவ்வாய்

சீரம் இல்லை, ஹார்மோன் மட்டும். இரவு முழுக்க ஒரு தட்டல், காலையில் கழுவி, உடனே இன்னொரு தட்டல். கேட்கவில்லை. தடுப்பு கறுப்பு.

ஏப்ரல் 18, செவ்வாய்

இரண்டாம் தடவையும் அதே.

ஏப்ரல் 27, வியாழன்

மூன்றாம் தடவை. கூடவே, ஹார்மோன் இல்லாமல் எட்டு மணி நேரம் விட்ட டிஷ்ஷில் தடுப்பு கரைந்து, செல்லுக்கு மறுபடி கேட்டது. சும்மா விட்டால் கேட்கிறது. நன்றி, செல்லே. திட்டியதற்கெல்லாம் மன்னித்துக்கொள்.

மே 9, செவ்வாய்

நன்றியுரை எழுத உட்கார்ந்தால் வரிசைத் தகராறு. வழிகாட்டி, கமிட்டி, துறைத் தலைவர், நிதி கொடுத்தவர், கடைசியில் குடும்பம் என்பது வழக்கம். அக்காவை எங்கே வைப்பது? போய்க் கேட்டேன்.

"என் பேரு எதுக்கு டீச்சர் அந்த புக்குல? நான் இன்னா பண்ணேன், ஊத்தினேன்."

மே 23, செவ்வாய்

மேடம் ஒரு வேலை வைத்தார். அந்தத் திங்கட்கிழமை டிஷ்களுக்கு ஞாயிறு மாலை சீரம் போனது என்பதற்கு ஆதாரம் வேண்டும், பழைய பட்டியல்களைப் பின்னிணைப்பில் சேருங்கள் என்றார். அவற்றை அக்கா மீடியா அறையில் கம்பியில் குத்திவைத்திருந்தார். அவர் ஆட்டோகிளேவ் பக்கம் போன நேரத்தில் கழற்றிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 5, 12, 26. மார்ச் 5, 12. பையன்கள் ஆங்கிலத்தில் எழுதிய ஃபிளாஸ்க் பெயர்கள், அக்காவின் பென்சில் டிக். அடியில், "கீழ பின்மூல டிஷ்" என்று தமிழில் ஒரு வரி, டிக். எனக்கு வேண்டிய ஆதாரம் அதுதான்.

அதற்கும் அடியில் இன்னொரு வரி இருந்தது. "டீச்சர் மேச." டிக்.

மற்ற தாள்களையும் புரட்டினேன். எல்லாவற்றிலும் இருந்தது. முதலாவது, போன ஆகஸ்ட் 14, இழுப்பறையில் மிட்டாய் வரத் தொடங்கிய வாரம். அந்த ஞாயிற்றுக்கிழமை மீடியா அறை வாசலில் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். செருப்பு வார் அறுந்துவிட்டது என்று அக்காவிடம் சொன்னேன். அவர் அறுந்துபோகாத வாரைப் பார்த்தார்.

நாற்பத்தொரு ஞாயிறு. தீபாவளிக்கு முந்தின நாள், புத்தாண்டு, பொங்கல் அன்றுகூட. ஒன்றிலும் டிக் விடுபடவில்லை.

மே 30, செவ்வாய்

ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று.

அதற்கு முன் மேடம் பின்னிணைப்பைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"இந்தக் கடைசி வரி என்ன? எல்லாத்துலயும் இருக்கு."

சொன்னேன்.

தாள்களை முதலிலிருந்து மறுபடி புரட்டினார். பேனாவை மூடினார்.

"இருக்கட்டும்," என்றார். "டேட்டாதானே."